சிற்றுண்டி என்று எழுதிக் கொடுத்தேன்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்கு என் மேசைக்கு வந்தது ஒரு மிட்டாய். மிட்டாய் என்று சொல்லக் கூடாதாம். புரோட்டீன் பாராம்.

பதினெட்டு வருஷமாக இந்த அச்சகத்தில் உட்கார்ந்து பாக்கெட் உறைகளுக்குத் தமிழ் எழுதுகிறேன். பிஸ்கட், சோப்பு, சலவைத்தூள், இருமல் மருந்து. நான் பிழை பார்த்து, ஓரத்தில் பச்சை மையால் 'சரி' என்று போட்டால்தான் இயந்திரம் ஓடும். எத்தனையோ புளுகுக்குச் சரி போட்டாயிற்று. 'ஏழே நாளில் மென்மையான சருமம்' என்பதற்குக்கூடப் போட்டேன். அந்தச் சோப்பைத்தான் ஆறு மாதமாக நானும் போட்டுக் குளிக்கிறேன், முழங்கை இன்னும் சொரசொரவென்றுதான் இருக்கிறது.

இந்தப் பார் அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. உறையின் முன்பக்கம் ஒருவன் மலை ஏறுகிறான். 'சர்க்கரை சேர்க்காதது' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் உட்பொருள் பட்டியல். எது எடை அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதலில் நிற்பது ஏதோ ஒரு செயற்கை இனிப்பு. அடுத்தது பாமாயில். ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிற புரதம் மூன்றாவது. அதற்கப்புறம் வரும் எட்டுப் பெயர்களை வாய்விட்டுப் படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். கடைசியில், எறும்பு எழுத்தில்: 'அதிகம் உண்டால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம்.'

மலை உச்சிக்குப் போனவன் எங்கே போய் ஒதுங்குவான் என்று மேலாளரிடம் கேட்டேன். "எழுதுற வேலையை மட்டும் பாருங்கம்மா" என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

பார் கம்பெனியின் விளம்பர ஆள் வந்திருந்தார். காலணி பளபளக்கிறது, தலை பளபளக்கிறது, பேச்சும் அப்படியே. பளபளப்பு என்றே பெயர் வைத்துவிட்டேன். எனக்கும் எதிர்மேசைக்காரிக்கும் மட்டும் தெரிந்த பெயர்.

பாருக்குத் தமிழ் வேண்டுமாம். சோப்புக் கட்டி, ஐஸ் கட்டி என்கிறோமே என்று 'புரதக் கட்டி' என்றேன். எதிர்மேசைக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். திரும்பி வந்து என் காதில், "கட்டி எந்த இடத்துல, ஆபரேஷன் எப்பன்னுதான் கேப்பாங்க" என்றாள். வெறும் 'பார்' என்று போட்டால் சாயங்காலம் ஆண்கள் வரிசை கட்டி நிற்பார்கள் என்று மேலாளருக்குக் கவலை. ஒரு மணி நேரம் மூளையைக் கசக்கிவிட்டு, வந்த பெயரையே தமிழ் எழுத்தில் போட்டு அனுப்பச் சொன்னார்கள். இதற்கு ஒரு கூட்டம், மூன்று சுற்று காப்பி.

பிப்ரவரி 14, வெள்ளி

பளபளப்பு இன்றும் வந்து உயிரை வாங்கினார். முன்பக்கத்து வரி இன்னும் முடியவில்லை. ஆங்கிலத்தில் 'ஹெல்தி ஸ்நாக்' என்று இருக்கிறது. நொறுக்குத் தீனி என்று எழுதியிருந்தேன். 'ஆரோக்கியமான நொறுக்குத் தீனி.'

முகத்தைச் சுளித்தார். "தீனி வேணாம் மேடம். மாட்டுக்குப் போடுற மாதிரி இருக்கு."

இடைத்தீனி என்றேன். அதிலும் தீனி இருக்கிறதாம். கொறிக்கும் பண்டம் என்றேன். கொறிப்பது எலியாம். மாட்டிலிருந்து எலிக்கு இறங்கிவிட்டார். அதற்குள் மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். என் பஸ் ஐந்து பத்துக்கு.

'சிற்றுண்டி' என்று எழுதிக் கொடுத்தேன். ஆரோக்கியமான சிற்றுண்டி. அவருக்கு வாயெல்லாம் பல்.

சிற்றுண்டி என்றால் காலையிலோ மாலையிலோ தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. இது நடந்துகொண்டே கடிக்கிற வஸ்து. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எவன் படிக்கப் போகிறான்? கிழிப்பான், தின்பான், எறிவான். பின்பக்கத்துப் பாமாயிலையே படிக்காதவன் முன்பக்கத்துத் தமிழில் குற்றம் கண்டுபிடிக்கப் போகிறானா? சரி போட்டேன். பஸ்ஸும் கிடைத்தது.

மார்ச் 10, திங்கள்

பார் கடைக்கு வந்துவிட்டது. அச்சகத்துக்கும் ஒரு பெட்டி இனாம். எதிர்மேசைக்காரி மதியச் சாப்பாட்டுக்குப் பதில் ஒன்றைக் கடித்துவிட்டு "லைட்டா இருக்கு" என்றாள். மூன்று மணிக்கு என் டிபன் டப்பாவில் மிச்சம் இருப்பதை எட்டி எட்டிப் பார்த்தாள். நாலு மணிக்குக் கீழே போய் இரண்டு கேக் தின்றுவிட்டு வந்தாள். இதுதான் அந்த ஆரோக்கியம்.

நானும் ஒன்று தின்று பார்த்தேன். பல்லில் ஒட்டியது. சாயங்காலம் வரைக்கும் நாக்கால் துழாவிக்கொண்டே வேலை பார்த்தேன். ருசி? அட்டைப்பெட்டிக்குச் சாக்லெட் தடவின ருசி.

மார்ச் 30, ஞாயிறு

மாடியிலிருந்து தம்பி இறங்கி வந்தான். ஆளே பாதியாகத் தெரிகிறான். சர்க்கரை இருக்கிறது என்று போன வருஷம் கண்டுபிடித்ததிலிருந்து உடம்பைக் குறை, குறை என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். இவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இப்போது பெல்ட்டைத் தூக்கிக் காட்டுகிறான்.

"ரெண்டு ஓட்டை உள்ள வந்திருக்கேன்க்கா."

சந்தோஷமாகத்தான் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் வேலை. நாள் பூராவும் கூண்டின் தலைமேல் நின்று கயிறு பார்த்து, கிரீஸ் தடவி, மாடி மாடியாக ஏறி இறங்குகிறவன். தொப்பையோடு அந்தச் சந்தில் எப்படி நுழைகிறான் என்று எனக்கு எப்போதும் பயம்.

அப்புறம் பார்க்கிறேன், சட்டைப் பையிலிருந்து மலை ஏறுகிறவன் எட்டிப் பார்க்கிறான்.

விடுவேனா? இனிப்பு, பாமாயில், பேதி என்று வரிசையாக எடுத்துவிட்டேன். "அதுல இருக்கிற தமிழ் என்னோடதுதான். எழுதினவளே சொல்றேன், அது குப்பை" என்றேன். அவன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது நீ எழுதினதா?" என்று கண்ணெல்லாம் சிரிப்பு. சின்ன வயசில் என் கட்டுரைப் போட்டிப் பரிசை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்த அதே முகம்.

"உனக்கு எதுதான்க்கா பிடிக்கும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 31, திங்கள்

பளபளப்பு அடுத்த ருசிக்கு உறை கொண்டுவந்தார். ஆரஞ்சு. ஆரஞ்சு எவ்வளவு என்று பட்டியலில் தேடினேன். ஆரஞ்சின் வாசனை மட்டும் இருக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

தம்பிக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்ல. இப்ப நல்லா இருக்கான். பேசுறான், தண்ணி கேட்டான். ஆஸ்பத்திரி பெஞ்சில உட்கார்ந்து எழுதுறேன். அவன் பொண்டாட்டி உள்ள இருக்கா.

பதினோரு மாடிடா. பதினோரு மாடி.

ஏப்ரல் 9, புதன்

நேற்று நடந்ததை இன்றைக்குத்தான் ஒழுங்காக எழுத முடிகிறது.

காலை பத்தே முக்கால். பதினோராவது மாடி உயரத்தில், கூண்டின் தலைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தவனுக்குத் திடீரென்று வேர்த்திருக்கிறது. கை நடுங்கி ஸ்பேனர் நழுவி லிஃப்ட் குழிக்குள் விழுந்திருக்கிறது. அது அடிவரைக்கும் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஸ்டாப் பொத்தானை அழுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்த ஒரு புத்தியாவது வேலை செய்ததே. கீழே இருந்த கூட்டாளி கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பதிலுக்கு என்னவோ உளறல். அவர் படியேறி ஓடி, கதவைத் திறந்து, இவனை இழுத்து வெளியே போட்டு, வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் ரத்தச் சர்க்கரை நாற்பத்தெட்டு. சர்க்கரை ஏறிப்போய் மயக்கம் வரும் என்றுதான் இத்தனை நாள் பயந்திருந்தோம். இறங்கிப்போனாலும் ஆள் போய்விடுவானாம்.

இன்று காலை டாக்டர் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"நேத்து காலையில மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன் சார். ஆறு மணிக்கு."

"சாப்பிட்டீங்களா?"

"சிற்றுண்டி சாப்பிட்டேன் சார்."

"என்ன சிற்றுண்டி?"

தம்பி தலைமாட்டில் கிடந்த சட்டைப் பையைத் துழாவிக் காலி உறையை எடுத்து நீட்டினான். டாக்டர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது தீனிங்க. வேலைக்கு நடுவுல பசிச்சா ஒண்ணு கடிச்சுக்கலாம், அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா இதுதான் சாப்பாடுன்னு நினைச்சுக்கிட்டு இந்த மாத்திரையைப் போட்டா? அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கிட்டே போகும். உங்க வேலையும் சேர்ந்து இறக்கும். எத்தனை நாளா இப்படி?"

"மூணு வாரம் இருக்கும் சார். பெல்ட்டு லூஸாச்சு, நல்லதுன்னு நினைச்சேன். அதான் காலையில எதுவும் செய்யாதேன்னு வீட்ல சொல்லிட்டேன்."

தீனி. நான் எழுதி, அடித்துவிட்ட சொல். மருந்துச் சீட்டு எழுதுகிற மனுஷருக்கு அது யோசிக்காமல் வாயில் வந்தது.

டாக்டர் போனதும் கத்தினேன். "அறிவிருக்காடா உனக்கு? அந்தக் கண்றாவியைப் பத்தி நான் அத்தனை சொன்னேனே!"

அவன் கோபப்படவே இல்லை. "நீ வாயால எல்லாத்தையும் திட்டுவேக்கா. டிவியைத் திட்டுவே, மழையைத் திட்டுவே, என் கல்யாணச் சாப்பாட்டையே திட்டினே. ஆனா அச்சுல தப்பா எழுத மாட்டே. அதான் உறையை நம்பினேன்."

வெளியே போய்க் கைகழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு நர்ஸ் வந்து தண்ணீரை வீணாக்காதீங்க என்றாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மேலாளரிடம் போனேன். அந்தச் சொல் தப்பு, நான்தான் போட்டேன், அடுத்த அச்சில் மாற்ற வேண்டும் என்றேன்.

"யாராவது புகார் பண்ணாங்களா?"

"இல்லை."

"அப்புறம் நீங்களா ஏன்மா வாயைக் குடுக்கிறீங்க?"

நடந்ததைச் சொன்னேன். உச்சுக்கொட்டினார். நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, "எத்தனையோ பேர் சாப்பிடுறாங்க, எல்லாருமா லிஃப்ட் மேல நிக்கிறாங்க?" என்றார். வருத்தம் ஒன்றரை நிமிஷம் தாங்கியது.

எதிர்மேசைக்காரி மட்டும் தன் மேசை இழுப்பறையில் மிச்சமிருந்த நாலு பாரையும் எடுத்துக் குப்பையில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டாள். "பஸ்ல பசிக்கும்" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அதற்குத்தான் அது.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் பாட்டுக்கு அக்கா ஏதோ வேலை அவசரத்தில் சறுக்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். ஆனால் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, "உன்மேல ஒண்ணும் தப்பில்லக்கா, அந்தக் கம்பெனிக்காரன் சொன்னதைத்தானே எழுதினே" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறான். எனக்கு! அதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

"அவன் சொல்லலடா. நானா குடுத்தது. தப்புன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு. எவன் படிக்கப் போறான்னு நினைச்சேன்."

நாற்காலியைப் பின்னால் தள்ளினான். அப்புறம்,

"நான் படிச்சேனே" என்றான்.

அவ்வளவுதான். எழுந்து மாடிக்குப் போய்விட்டான். கதவைச் சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் சாத்தியிருக்கிறான்.

ஏப்ரல் 14, திங்கள்

அவன் வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

வரவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். என் வாசலில் நிற்காமல் இறங்கிப் போனது.

எதற்கெடுத்தாலும் அடுத்தவனைக் கேலி செய்கிறவளுக்கு இது வேண்டியதுதான். உறையைப் படிக்காமல் தின்கிறவன் முட்டாள் என்று பதினெட்டு வருஷம் சொல்லியாயிற்று. படித்துவிட்டுத் தின்றவன் ஒருவன் கிடைத்தான், அவன் என் தம்பி.

ஏப்ரல் 17, வியாழன்

பளபளப்பு வந்தார். இன்றைக்குப் பளபளப்பு இரட்டிப்பு. ஒரு பெட்டி சாக்லெட் வேறு. என்ன விசேஷம் என்றால், அந்தச் சொல் பிய்த்துக்கொண்டு ஓடுகிறதாம்.

"காலையிலதான் மேடம் சேல்ஸ்! ஆறு மணியிலேருந்து எட்டு மணிக்குள்ள! நாங்க எதிர்பார்க்கவே இல்ல. எல்லாம் உங்க சிற்றுண்டிதான். அடுத்த பேட்ச்ல 'முழுமையான காலைச் சிற்றுண்டி'ன்னு போட்டுரலாம்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. எத்தனை வீட்டில் எத்தனை பேர் ஆறு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இதைக் கடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள்? இந்த மனுஷன் அதைச் சாக்லெட் கொடுத்துக் கொண்டாடுகிறார்.

"தீனின்னு போடுங்க, சரி போடறேன்" என்றேன். "இல்லாட்டி 'இது சாப்பாட்டுக்கு ஈடாகாது'ன்னு கீழே ஒரு வரி சேருங்க. எறும்பு எழுத்துலயாவது."

சிரித்தார். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார். என் பேரே அப்படி. பேனாவை மூடி மேசைமேல் வைத்ததும்தான் சிரிப்பு நின்றது. மேலாளர் வந்தார், கெஞ்சினார், அதட்டினார், "பதினெட்டு வருஷமாப் போட்ட கை இப்ப மட்டும் ஏம்மா வலிக்குது?" என்றார். நல்ல கேள்விதான்.

நான் போடவில்லை. சாயங்காலத்துக்குள் வேறு யாரோ போட்டுவிட்டார்கள். இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

ஏப்ரல் 21, திங்கள்

என்னை உணவுப் பிரிவிலிருந்து தூக்கி வீட்டுச் சாமான் பிரிவில் போட்டுவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை, முன்னால் பழைய தாள் அடுக்கி வைத்திருந்த இடம். தண்டனையாம்.

முதல் வேலை ஷூ பாலிஷ் டப்பா. 'உண்பதற்கு அல்ல' என்று எழுதினேன். எழுதியதில் ஒரு சொல்லுக்குக்கூட மனசு உறுத்தாமல் சரி போட்டு எத்தனை வருஷம் ஆகிறது! இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

ஏப்ரல் 26, சனி

தம்பி மனைவி துணி உலர்த்த வந்தவள் நின்று பேசினாள். ஹோட்டலில் படுக்கை விரிப்பு வெளுக்கிற வேலை அவளுக்கு. ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறவள். பாவம், கண்ணெல்லாம் தூக்கம்.

"கடைக்குக் கூட்டிட்டுப் போக முடியல அண்ணி. ஒவ்வொரு பாக்கெட்டையும் எடுத்து முதல்லேருந்து கடைசி வரைக்கும் படிக்கிறாரு. உப்பு பாக்கெட்டைக்கூட விடல. பின்னாடி வரிசையில நிக்கிறவங்க எல்லாம் திட்டுறாங்க."

"சாப்பிடுறானா?"

"நாலரைக்கே நான் செஞ்சு வெச்சுட்டுப் போறேன். ஆறிப்போனதைத்தான் தின்னுட்டுப் போறாரு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன், கீழே போங்க, சூடா சாப்பிடுங்கன்னு" என்றாள்.

நான் துணிக் கவ்வியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மே 2, வெள்ளி

காலை ஐந்தே முக்காலுக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் தம்பி, தோளில் கருவிப் பை. இருபது நாளாக இந்த வாசலை மிதிக்காதவன்.

"சாப்பிட என்ன இருக்கு?" என்றான், நேற்றுத்தான் வந்து போனவன் மாதிரி.

ரொட்டிப் பாக்கெட்டை எடுத்தேன். என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். விளக்குக்குக் கீழே பிடித்து, எழுத்தின் மேல் விரல் வைத்து, கோதுமையில் ஆரம்பித்து முகவரி வரைக்கும் படித்தான்.

"இது நீ சரி போட்டதா?"

"இல்லை. யார் போட்டதோ."

"அப்ப வேணாம்."

கேட்டிருக்க வேண்டாம், கேட்டுவிட்டேன். "நான் போட்டதா இருந்தா?"

யோசித்தான். "படிச்சுப் பார்ப்பேன்" என்றான்.

சரிதான். அதற்குமேல் எனக்கு என்ன உரிமை?

"அப்ப என்னதான்டா தின்பே?"

சமையல் மேடையைச் சுற்றிப் பார்த்தான். "முட்டை இருக்கு. உருளைக்கிழங்கு இருக்கு. வாழைப்பழம் இருக்கு. இதுங்க மேல யாரும் ஒண்ணும் எழுதல. இதைக் குடு."

வேகவைத்துக் கொடுத்தேன். உட்கார்ந்து, தட்டைக் காலி பண்ணி, அப்புறம் மாத்திரையைப் போட்டுக்கொண்டான். கிழங்கில் உப்பு கூடிவிட்டது. "உப்பு" என்றான். "தெரியும், தின்னு" என்றேன். கிளம்பும்போது படியிலிருந்து, "நாளைக்கும் இதே நேரம்தான்" என்றான்.

நாளைக்கும் ஐந்து மணிக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்க வேண்டும், சனிக்கிழமைகூடத் தூங்க முடியாது. என் தலையெழுத்து. இதற்கு எவள் சரி போட்டாளோ.